காஸ்டிக் சோடா தொட்டியில் வெல்டிங் ஓரம் வெடிக்கிறது, 316 ரக எவர்சில்வர் போடலாமா?

கானாடுகாத்தான் பக்கம் நூல் சாயப் பட்டறை வைத்திருக்கிறேன். காஸ்டிக் செதில்களைச் சுமார் 40% ஆகக் கரைக்க 6 மி.மீ. இரும்புத் தொட்டி. நீராவிக் குழாய்ச்சுருள் வைத்து 80–90 டிகிரி வரை சூடாக்குவோம். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விட்டுக் கசிந்தது. மேலேயே வெல்டிங் வைத்தோம், மூன்று வாரத்தில் பக்கத்திலேயே வெடித்துவிட்டது. போன வாரம் ஒரு தம்பியின் கையில் பட்டுப் புண்ணாகிவிட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது. 10 மி.மீ. தகடு போதுமா, 316 வாங்கவா? மூடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு.

கண்டனூர் ஃபிட்டர்:
அண்ணே, முதலில் அந்த ஜிஐ மூடியைக் கழற்றுங்கள். துத்தநாகத்தைக் காஸ்டிக் தின்னும், ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தால் என்ன ஆகும்? அலுமினிய வாளியும் ஆகாது.
தகடு தேயாமல் வெல்டிங் ஓரம் மட்டும் வெடித்தால் அது காஸ்டிக் வெடிப்பு. வெல்டிங்கில் தங்கும் இறுக்கமும் சூடும் சேர்ந்து செய்வது. தடிமன் கூட்டிப் பயனில்லை. இந்தச் செறிவில், வெல்டிங்குக்குப் பின் சூடாக்கி இறுக்கம் நீக்காத இரும்பை 50 டிகிரிக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

கேட்டவர்:
மூடியைக் கழற்றிவிட்டேன். வெடிப்பு சுருளைத் தாங்கும் பிடிமான வெல்டிங்கை ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் 316 தானே?

பள்ளத்தூர் வெல்டர்:
316-க்குக் கூடுதல் விலை அதில் கலக்கும் மாலிப்டினம் என்ற உலோகத்துக்கு. உப்புத் தண்ணீரில் அது காக்கும், காஸ்டிக்கில் காக்காது. தொட்டிக்கு 304எல் (மாலிப்டினம் சேர்க்காத எவர்சில்வர் ரகம்) போதும். ஆனால் 100 டிகிரி தாண்டினால் இரண்டுமே வெடிக்கலாம். நீராவி போகும் சுருளின் மேற்பரப்பு தொட்டியைவிடச் சூடு, அதனால் சுருள் கட்டாயம் வேண்டுமென்றால் நிக்கல் 200 (கிட்டத்தட்ட சுத்த நிக்கல்). விலை அதிகம்தான்.
எனக்கு ஒரு சந்தேகம்: சூடு எதற்கு? செதில் கரையும்போதே கொதிக்கும் அளவு சூடு வரும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஆறவிட்டு, அப்புறம் அடுத்தது. செதில் மேல் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நம் ஊர் மார்கழியிலும் 40% உறையாது.

கண்டனூர் ஃபிட்டர்:
அதுதான் சரி. வெடித்த துண்டை எறியாதீர்கள், நன்றாகக் கழுவி வையுங்கள். உலோக அரிப்பு பற்றியும் ஆய்வு நடக்கும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, காட்டிக் கேளுங்கள்.

கேட்டவர்:
நீராவியை நிறுத்திவிட்டேன் தம்பி. தொட்டி 304எல், சுருள் இல்லாமல். பட்டறையில் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இன்றே வாங்குகிறேன்.