படம் பார்த்து உள்ளே போனவன் திரும்பிவிட்டான்: சிகிச்சை வேலைக்கு ஆகுமா?

காண்டாவாளி (தொடங்கியவர்)
நம்ம பட்டணத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், பெயர் வேண்டாம். பிள்ளைகளை வதைத்து எடுத்த படங்களைக் கணினியில் வைத்திருந்ததற்காக ஜெயிலுக்குப் போன பையன், போன மாதம் வந்துவிட்டான். அம்மாவோடு பழைய லயத்தில் இருக்கிறான். கோயில் தலைவரைப் பார்த்து, "திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். முன்பெல்லாம் வருஷா வருஷம் அவன்தான் கட்டுவான். தலைவர் ஒன்றும் சொல்லாமல் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு மனநலச் சிகிச்சை, மறுவாழ்வு என்கிறார்களே, அது நிஜமாகவே பலிக்குமா?

மூணாம்_லயம்
பலிக்காது. "படம்தானே பார்த்தான், யாரையும் தொடவில்லையே" என்று அவன் அம்மா பசாரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் இருப்பது யாரோ பெற்ற பிள்ளை இல்லையா? ரிச்சர்ட் ஹக்கலை மறந்துவிட்டீர்களா? நம் மலேசியாவில் ஏழைப் பிள்ளைகளோடு நல்லவன்போல் பழகிய வெள்ளைக்காரன். 2016இல் லண்டன் நீதிமன்றத்தில் அவன் ஒப்புக்கொண்டது 71 குற்றம். படத்தையும் எடுத்து இணையத்தில் போட்டான். பார்க்க ஆள் இருந்ததால்தானே போட்டான்?

ஈப்போ_தாதி
அக்கா, கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. நான் மனநல வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், அதனால் ஒன்று சொல்கிறேன். ஹக்கலையும் இந்தப் பையனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கனடாவின் மைக்கேல் சீட்டோ குழு 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இணையக் குற்றத்தில் பிடிபட்டவர்களை ஒன்றரை முதல் 6 ஆண்டுவரை கவனித்ததில், பிறகு நேரடிப் பாலியல் குற்றத்தில் மாட்டியவர்கள் 2 விழுக்காடு. மறுபடி படத்தில் மாட்டியவர்கள் 3.4.

மூணாம்_லயம்
"மாட்டியவர்கள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாட்டாதவர்கள்? என் தங்கச்சி மகள் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், தேடிக் கொடுத்தாள். அதே ஆய்வில், ஏற்கெனவே நேரடிக் குற்றம் செய்ததாகப் பதிவானவர்கள் எட்டில் ஒருவர். அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டால் பாதிக்கு மேல்!

சிகிச்சைக்கு வருகிறேன். பிரிட்டனில் சிறைக்குள் நடத்திய பெரிய திட்டத்தை அவர்கள் நீதி அமைச்சே 2017இல் அலசியது. திட்டத்துக்குப் போகாதவர்களில் 8 விழுக்காட்டினர் மறுபடி பாலியல் குற்றம் செய்தார்கள். போனவர்களில் 10. குழந்தைப் படக் குற்றம் மட்டும் பார்த்தால் 2.9, 4.4. போனவன் கூடுதலாகக் கெட்டு வந்திருக்கிறான். இதற்கா நம் வரிப்பணம்?

செம்பனை_லோரி
அக்கா அடிச்சாங்க பாருங்க! பேசாமல் அவனைக் கட்டி வைத்து

*(நெறியாளர்: மீதி நீக்கப்பட்டது. அண்ணே, அடிதடி வேண்டாம்.)*

ஈப்போ_தாதி
அந்த அறிக்கையை நான் மறுக்க மாட்டேன். எங்களையே தலைகுனிய வைத்த அறிக்கை அது. கூட்டமாக உட்காரவைத்து அவரவர் கதையைச் சொல்லவிட்டால் "நான் மட்டும் இல்லை போலிருக்கிறது" என்ற நினைப்பு வந்துவிடக்கூடும் என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள். திட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் 2019இல் தெரேசா கேனன் குழு பல சிகிச்சைத் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பாலியல் குற்றத்தைத் திரும்பச் செய்தவர்கள் சிகிச்சை பெறாதவர்களில் 14.1, பெற்றவர்களில் 9.5. தகுதியுள்ள உளவியலாளர் கூடவே இருந்து நடத்திய இடத்தில் பலன் அதிகம். ஆக, யார் எப்படிச் செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். இரவு பதினொன்றரை மணி. அம்மா தூங்கிவிட்டார். பேச ஆள் இல்லை, நாளைக்கு வேலை இல்லை, கையில் கைப்பேசி. அந்த அரை மணி நேரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அதற்கு முன்னால் என்ன நடந்தது, யார்மேல் கோபம், விரல் எங்கே போனது, "தொடவில்லையே" என்ற சமாதானம் எந்த இடத்தில் வந்தது. அவன் அம்மா பசாரில் சொல்கிற அதே வாக்கியத்தைத்தான் முதலில் உடைப்பார்கள். சுவீடனில் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் இணையத்தின் இருட்டு மூலைகளிலேயே போய் 160 பேரைப் பிடித்து, பெயர் கேட்காமல் 8 வாரம் இணையவழியாகவே இப்படிச் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயரளவு சிகிச்சை கொடுத்த குழுவைவிட இவர்கள் படம் பார்க்கும் நேரம் அதிகம் குறைந்தது.

செம்பனை_லோரி
8 வாரமா! எங்க மாமாவுக்கு சிகரெட்டை விட 8 வருஷம் ஆச்சு.

ஈப்போ_தாதி
தம்பி, விட்டாரா இல்லையா?

செம்பனை_லோரி
...விட்டார். ஆனால் யாராவது பக்கத்தில் ஊதினால் இன்னும் எழுந்து போய்விடுவார்.

ஈப்போ_தாதி
அதுதான். குணமாகிவிட்டான் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. எழுந்து போகக் கற்றுக்கொடுப்பார்கள்.

காண்டாவாளி
இங்கே யார் கற்றுக்கொடுப்பது? 2017இல் வந்த 792ஆம் சட்டத்தில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில், சிறைக்குள் ஆலோசனைக்கும், வெளியே வந்தபின் போலீஸ் கண்காணிப்புக்கும் இடம் உண்டு. சரி, போலீஸ்காரர் பதினொன்றரை மணிக்கு வீட்டில் உட்காருவாரா? மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே "பைத்தியமா?" என்று சிரிக்கிற ஊர் இது. அங்கே போகிற பஸ்ஸில் ஏற அவனுக்குத் துணிச்சல் வருமா?

மூணாம்_லயம்
அவனுக்குத் துணிச்சல் தேடுவது என் வேலை இல்லை. என் சின்னவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். திருவிழாவில் தட்டு தூக்குவாள்.

*(மறுநாள்)*

மூணாம்_லயம்
ராத்திரி என் வீட்டுக்காரரோடு பேசினேன். பூட்டிய வீட்டில் வேலை வெட்டி இல்லாமல் அவன் கைப்பேசியோடு கிடப்பது எனக்கும் பயம்தான், இதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கரைக் கட்டட்டும். முந்தின நாள், காலை 8 முதல் 11 வரை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திருவிழா அன்றைக்கு அவன் கோயில் பக்கம் வரக்கூடாது. மன்னித்துவிட்டேன் என்று யாரும் இங்கே எழுதாதீர்கள்.

ஈப்போ_தாதி
எழுத மாட்டேன் அக்கா. அவன் அம்மாவின் நம்பர் இருந்தால் தனியாக அனுப்புங்கள். முதல் தடவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

காண்டாவாளி
தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஒயர் சுருள் கோயில் ஸ்டோரில் இருக்கிறதாம். சாவி யாரிடம்?