எஸ்.எஸ்.சி. இங்கிலீஷ்: ரூல் எல்லாம் தெரியுது, விடை மட்டும் தப்பாகுது

காசிமேட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். இப்போ எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடையில பில்லிங் வேலை. காலைல பத்து மணிக்குப் போனா வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதரை ஆயிடும். எஸ்.எஸ்.சி. நடத்துற சிஜிஎல் (டிகிரி முடிச்சவங்களுக்கான மத்திய அரசு வேலைத் தேர்வு) எழுதணும்னு ஒரு வருஷமா படிக்கிறேன். கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு வருது. இங்கிலீஷ்தான் இழுக்குது.

போன ஞாயித்துக்கிழமை எழுதின மாக் டெஸ்ட்ல (மாதிரித் தேர்வு) இங்கிலீஷ்ல 25 கேள்விக்கு 12 சரி, 9 தப்பு, 4 தொடவே இல்ல. தப்புக்குக் கழிச்சது போக 50-க்கு 19.5 மார்க். போன மாசமும் கிட்டத்தட்ட இதேதான்.

சும்மா இருந்துட்டு கேக்கல. நூறு ரூல் இருக்கிற புத்தகத்தை ரெண்டு தடவை முடிச்சுட்டேன். தினம் இருபது வார்த்தை எழுதிப் பாக்குறேன், நாலு நாள்ல மறந்து போகுது. அம்மா விடியக்காலைல மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போதே நானும் எழுந்துடுவேன். எனக்குக் கிடைக்கிறது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதை எப்படிச் செலவு பண்றது?

வியாசை39:

சிஸ்டர், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில தமிழ்நாடு அரசோட இலவசப் பயிற்சி மையம் இருக்கு. உங்க கடையிலேருந்து நடக்குற தூரம்தான். அடுத்து அட்மிஷன் போடும்போது விடாதீங்க. ஆனா வேலை நேரத்தோட ஒத்து வருமான்னு கேட்டுக்கோங்க. அதுவரைக்கும் தினம் ஒரு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படிங்க. எனக்கு அதுதான் உதவுச்சு.

கொருக்குப்பேட்டை கேட்:

தங்கச்சி, நானும் உன்னை மாதிரிதான். கார்ப்பரேஷன் ஸ்கூல், தமிழ் மீடியம். அப்பா கூட்ஸ் யார்டுல மூட்டை தூக்கினவர். மூணாவது தடவைல சிஎச்எஸ்எல் (ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு) கிளியர் பண்ணி இப்போ ராஜாஜி சாலைல ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல வேலை பாக்குறேன். முதல் ரெண்டு தடவையும் என்னைக் கவுத்தது இங்கிலீஷ்தான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

தலையங்கம் படிக்கிறது நல்லதுதான். ஆனா ஒன்றரை மணி நேரம் மட்டும் இருக்கிறவளுக்கு அது இரண்டாம்பட்சம்னு நான் நினைக்கிறேன். உன்கிட்ட இருக்கிற பெரிய பாடப்புத்தகம் அந்த ஒன்பது தப்புதான். அதை என்ன பண்ணின? விடையைப் பாத்துட்டு "ஓ, இதுவா"ன்னு மூடி வெச்சிருப்ப. நான் ரெண்டு வருஷம் அதைத்தான் பண்ணினேன். காசு கட்டிப் போன கோச்சிங்லயும் ரூலை ஒப்பிக்கச் சொன்னாங்களே தவிர, நீ ஏன் இந்தத் தப்பைப் பண்றன்னு ஒருத்தரும் கேக்கல.

ஒரு நோட்டு வாங்கி மூணு கட்டம் போடு. முதல்ல நீ போட்ட விடை, அடுத்தது சரியான விடை, மூணாவதுல "நான் ஏன் அதைப் போட்டேன்". மூணாவது கட்டத்தை எழுதத்தான் கை வராது. ஆனா விஷயம் முழுக்க அங்கதான் இருக்கு. எனக்கு ரெண்டே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. நான் திரும்பத் திரும்ப விழுந்தது ஏழெட்டு இடத்துல மட்டும்தான். அதுலயும் பாதிக்கு மேல, மனசுல தமிழ்ல நினைச்சு அப்படியே மாத்தினதால வந்தது.

சம்பளத்தைப் "பத்தி" பேசினோம்னு நினைக்கிறோம், அதனால டிஸ்கஸ் அபௌட்னு போடுறோம். டிஸ்கஸுக்குப் பின்னாடி அபௌட் வராது. ரூமு"க்குள்ள" நுழைஞ்சான்னு நினைச்சு என்டர்ட் இன்டு தி ரூம்னு போடுறோம். அங்க இன்டு வேணாம். அவனை"விட" சீனியர்னு நினைச்சா தேன் (than) வந்து உக்காந்துக்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், இது எல்லாத்துக்கும் டு தான். ஃப்ரெண்டுல ஒருத்தின்னு சொல்லிப் பழகின வாய்க்கு ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் சரியாத்தான் கேக்கும். ஆனா அது ஃப்ரெண்ட்ஸ், அதுக்கு வர்ற வினை மட்டும் ஒருமை.

"மூணு வருஷமா இங்க வேலை செய்றேன்". தமிழ்ல இது நிகழ்காலம். அதை அப்படியே மாத்தினா ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்னு வரும், ரெண்டு தப்பு. ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்தான் சரி. காலத்துல தமிழ் நம்மளை இழுத்து விடுது, ஆனா சின்ஸா ஃபாரான்னு கேட்டா அதே தமிழ் கை குடுக்கும். "காலைலேருந்து", "2022-லேருந்து"ன்னு வந்தா சின்ஸ். "ரெண்டு மணி நேரமா", "மூணு வருஷமா"ன்னு வந்தா ஃபார். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

வார்த்தைக்கு வர்றேன். இருபதை அஞ்சாக் குறை. பழைய கேள்வித்தாள்ல வந்ததா எடு, ஒன் வேர்ட் (ஒரு விளக்கத்துக்கு ஒத்த வார்த்தை), இடியம் (மரபுத்தொடர்) எல்லாம் திரும்பத் திரும்ப வரும். நீ காசிமேட்டுப் பொண்ணு, இடியம்ல பாதி உங்க தெருவுலேருந்து வந்ததுதான். ஹை அண்ட் ட்ரை: தண்ணி வடிஞ்சு படகு மணல்ல தட்டி நிக்கிறது, யாரும் இல்லாம கைவிடப்பட்ட நிலைமை. ஆல் அட் சீ: கரை தெரியாம நடுக்கடல்ல இருக்கிற மாதிரி ஒண்ணும் புரியாம முழிக்கிறது. டேக் தி விண்ட் அவுட் ஆஃப் சம்ஒன்ஸ் செயில்ஸ்: காத்து நின்னா பாய் தொங்கிடும்ல, அதுமாதிரி ஒருத்தரோட வேகத்தை அடக்கிடுறது. லெர்ன் தி ரோப்ஸ்: கப்பல்ல புதுசா ஏறினவன் முதல்ல கத்துக்கிறது கயிறைத்தான், அதனால வேலை பழகுறதுன்னு அர்த்தம். வீட்டுப் பெரியவங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிப் பாரு, அவங்க ஒரு கதை சொல்வாங்க. அந்தக் கதையோட சேந்து வார்த்தையும் மனசுல நிக்கும்.

அந்த 19.5-ஐப் பாத்து மனசை விடாதே. அந்த ஒன்பதை அப்படியே விட்டிருந்தாலே 24 வந்திருக்கும். சிஜிஎல் முதல் கட்டத் தேர்வுல ஒரு தப்புக்கு அரை மார்க்தான் போகும், ரெண்டாவது கட்ட இங்கிலீஷ்ல ஒரு தப்புக்கு ஒரு மார்க் போகும். குருட்டாம்போக்குல போடுற பழக்கத்தை இப்பவே விட்டுடு.

வியாசை39:

கேட் அக்கா சொன்னது எனக்கும் புதுசு. நாளைக்கே நோட்டு போடுறேன். பழைய கேள்வித்தாள் புத்தகம் வேணும்னா மூர் மார்க்கெட்ல தேடிப் பாருங்க, பாதி விலைக்குக் கிடைக்கும்.

காசிமேட்டுக்காரி:

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். கடையில கஸ்டமர் இல்லாத நேரத்துல பில் ரோல் பின்னாடியே மூணு கட்டம் போட்டு அந்த ஒன்பதையும் எழுதினேன். அஞ்சு தப்பு நீங்க சொன்ன மாதிரியேதான், "பத்தி", "விட", "கூட" எல்லாம் அப்படியே இருக்கு. மேரீட் வித்னு போட்டிருக்கேன், மேரீட் டுன்னு வரணுமாம். அம்மாகிட்ட ஹை அண்ட் ட்ரை சொன்னேன். தாத்தா கட்டுமரம் ஒரு தடவை அப்படி மாட்டினதை அரை மணி நேரம் சொன்னாங்க. இனிமே அது மறக்காது.

மிச்சம் நாலுல மூணு ஏ, ஆன் (a, an) சமாச்சாரம். தமிழ்ல அது இல்லையே, அதுக்கு என்ன பண்றது?

கொருக்குப்பேட்டை கேட்:

எழுத்தைப் பாக்காதே, வாய்விட்டுச் சொல்லு. சொல்றதைத் தமிழ்ல எழுதினா உயிரெழுத்துல ஆரம்பிக்குதா? ஆன். மணி நேரத்துக்கான hour எச்-ல தொடங்கினாலும் நாம சொல்றது "அவர்"தான், அதனால ஆன் அவர். எம்.எல்.ஏ. "எ"ல ஆரம்பிக்குது, ஆன் எம்.எல்.ஏ. யூனிவர்சிட்டி "யூ", அது உயிர்மெய், அதனால ஏ யூனிவர்சிட்டி. ஒரே ஒரு இடத்துல ஏமாந்துடாதே. one-ஐ "ஒன்"னு நாம தமிழ்ல எழுதினாலும் இங்கிலீஷ்காரன் வாய்ல அது "வன்". அதனால ஏ ஒன் டே மேட்ச்.

அந்த ஒன்பதாவது தப்பு என்னன்னு சொல்லல. அதையும் போடு, பாப்போம்.