எக்ஸ்இசட் விவகாரம்: சிமேக்கில் இருந்த அந்தப் புள்ளிக்கு யார் பதில் சொல்வது?

பழைய_பொதி:
எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஒருவன் ரகசியமாகப் பின்கதவு (திருட்டு நுழைவழி) வைத்த கதை தெரியும்தானே. ஆட்டோடூல்ஸ், சிமேக் இரண்டும் மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் (பில்டு செய்யும்) கருவிகள். "ஆட்டோடூல்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு சிமேக்குக்கு மாறியிருந்தால் எக்ஸ்இசட் பின்கதவு நடந்தே இருக்காது" என்று நேற்று வேறொரு இழையில் சிமேக்_சித்தன் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. கைதட்டியவர்கள் எக்ஸ்இசட்டின் 2024 பிப்ரவரி 26ஆம் தேதி கமிட்டை (மூல நிரலில் பதிவான மாற்றத்தை)த் திறந்து பாருங்கள். லேண்ட்லாக் (நிரலை அடைத்து வைக்கும் லினக்ஸ் பாதுகாப்பு வேலி) இருக்கிறதா என்று சோதிக்க சிமேக்லிஸ்ட்ஸ் என்ற சிமேக் கோப்பில் ஒரு குட்டி சி நிரல் இருக்கும். இன்க்ளூட் வரிகளுக்கும் அடுத்து வரும் ஃபங்ஷனுக்கும் நடுவில், தனி வரியில், ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் நிரல் கம்பைல் ஆகாது. உடனே சிமேக் "இந்தக் கணினியில் லேண்ட்லாக் கிடையாது" என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். எச்சரிக்கை கிடையாது, பில்டும் நிற்காது. இது நடந்தது சிமேக்கில், ஆட்டோடூல்ஸில் அல்ல.

சிமேக்_சித்தன்:
பெயரைச் சொல்லி இழுத்ததால் வருகிறேன். அந்தப் புள்ளி முடக்கியது எக்ஸ்இசட் கட்டளைக்கு இருந்த வேலியை. எஸ்எஸ்எச்டிக்குள் (தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் சேவை) பின்கதவு புகுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புகுந்த வழி பில்டு-டு-ஹோஸ்ட் என்ற எம்4 கோப்பு (கன்ஃபிகர் என்ற சோதனை ஸ்கிரிப்டை உருவாக்க ஆட்டோடூல்ஸ் எடுத்துக்கொள்ளும் துணுக்கு). 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பால்களில் (வெளியீட்டுப் பொட்டலங்களில்) விஷத்தோடு இருந்தது, கிட்டில் (மூல நிரல் களஞ்சியத்தில்) அந்தக் கோப்பே இல்லை. மனிதர் யாரும் படிக்காத கன்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். சிமேக்கில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.

பழைய_பொதி:
கண்ணெதிரே இருந்த புள்ளியை ஒரு மாதம் யாரும் பார்க்கவில்லையே, ஐயா. அது கிட்டில்தானே இருந்தது?

கொங்கு_கம்பைலர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். டிஸ்ட்ரோக்காரர்கள் (டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள்) டார்பாலில் வந்த கன்ஃபிகரை அப்படியே ஓட்டாமல், ஆட்டோரீகான்ஃப் போட்டுப் புதிதாக உருவாக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் இல்லையா?

பழைய_பொதி:
தப்பியிருக்க முடியாது, தம்பி. டெபியனில் ஆட்டோரீகான்ஃப் வழக்கமான படிதான். ஆனால் எம்4 கோப்பு டார்பாலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீ எத்தனை தடவை கன்ஃபிகரைப் புதிதாக உருவாக்கினாலும் விஷம் அதற்குள் ஏறிவிடும். பின்கதவு வைத்தவன் கோப்பின் முதல் வரியில் சீரியல் 30 என்று போட்டிருந்தான். எண் பெரிதாக இருந்தால் அசல் கோப்பு வந்து மேலெழுதாது என்ற கணக்கு. இதெல்லாம் பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) கட்டுகிறவனுக்குத்தான் தெரியும், டுடோரியல் பார்த்து பில்டு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

சிமேக்_சித்தன்:
உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. எம்4, சீரியல், ஆட்டோரீகான்ஃப்: எல்லாமே ஆட்டோடூல்ஸ் சமாசாரம். வழக்கு முடிந்தது.

பழைய_பொதி:
எங்கே முடிந்தது? பின்கதவின் உடல் எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். டெஸ்ட்ஸ் அடைவில், சோதனைக்கான மாதிரிக் கோப்பு என்ற பெயரில், கிட்டிலேயே இருந்தது. எம்4 வெறும் சாவி. நாளைக்கே சிமேக்கில் எக்ஸிக்யூட்_பிராசஸ் (வெளி நிரலை ஓட்டும் கட்டளை) ஒரு வரி எழுதி அதே வேலையைச் செய்ய முடியாதா? முடியும். அப்புறம் அந்தப் புள்ளி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மழைக்குருவி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஆட்டோடூல்ஸில் இருக்கும் ஒரு சின்ன சி நூலகம் இருக்கிறது. ஆர்ம் பலகைக்கு கிராஸ் கம்பைல் (வேறு வகைக் கணினிக்காக இங்கேயே கம்பைல்) செய்ய வேண்டும். கன்ஃபிகர்.ஏசியை (கன்ஃபிகரின் மூலக் கோப்பு) மாற்றுவதா, வெளியிலிருந்து --ஹோஸ்ட் (எந்த வகைக் கணினிக்கு என்று சொல்லும் தேர்வு) கொடுத்தால் போதுமா?

சிமேக்_சித்தன்:
சிமேக்குக்கு மாறிவிடுங்கள், டூல்செயின் கோப்பு (எந்தக் கம்பைலர் என்று சொல்வது) ஒன்று எழுதினால் போதும்.

பழைய_பொதி:
கேட்ட கேள்விக்குப் பதில் அதுவா? --ஹோஸ்ட் போதும், அம்மா. எதையும் மாற்ற வேண்டாம். இவர் பேச்சைக் கேட்டு மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் இவர் ஒரு நூலகத்தை சிமேக்குக்கு மாற்றினார். பிகேஜி-கான்ஃபிக் கோப்பே (நூலகம் எங்கே என்று மற்ற பொதிகளுக்குச் சொல்வது) நிறுவப்படவில்லை. அதை நம்பியிருந்த பொதிகள் எல்லாம் உடைந்தன. யார் உட்கார்ந்து ஒட்டுப் போட்டது? நான்.

சிமேக்_சித்தன்:
அந்தக் கதையை இன்னும் எத்தனை இழையில் சொல்வீர்கள்? சொல்லியிருந்தால் ஒரே நாளில் சரி செய்திருப்பேன்.

பழைய_பொதி:
சொன்னேன். "பழைய ஆட்கள் பழகிக்கொள்ள வேண்டும்" என்று பதில் எழுதினீர்கள். மறக்க மாட்டேன்.

எம்4_எதிரி:
மேசான் என்று இன்னொரு பில்டு கருவி இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கொங்கு_கம்பைலர்:
மூன்றாவதாக ஒரு சண்டையா? வேண்டாம். இந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் எந்த பில்டு ஸ்கிரிப்டையும் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமானது, அதைத் துருவிப் போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. எந்தக் கருவியைப் பாராட்டுவதற்கும் இதில் இடமில்லை என்பது என் கருத்து.

பழைய_பொதி:
உன் கருத்து உன்னோடு இருக்கட்டும். நான் சொல்வது நாளைக்கே செய்யக்கூடிய விஷயம். எக்ஸ்இசட்டின் கன்ஃபிகரில் --எனேபிள்-சாண்ட்பாக்ஸ் என்ற தேர்வு உண்டு (சாண்ட்பாக்ஸ் என்றால் நாம் பேசும் அந்த வேலிதான்). "ஆட்டோ" என்று விட்டால் லேண்ட்லாக் கிடைக்காதபோது பில்டு சத்தமில்லாமல் தாண்டிப் போகும். "லேண்ட்லாக்" என்று எழுதிக் கொடுத்தால் கிடைக்காதபோது பிழை காட்டி நின்றுவிடும். பில்டு ஸ்கிரிப்டை நம் தேவைக்கு மாற்றுவது என்றால் இதுதான். எது கட்டாயம் வேண்டுமோ அதை வெளிப்படையாகக் கேள், இல்லையென்றால் பில்டு விழட்டும். "தானே கண்டுபிடித்துக்கொள்" என்று விட்டதால்தான் ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது.

சிமேக்_சித்தன்:
சிமேக்கிலும் ரிக்வயர்டு (கட்டாயம்) என்று போடலாம். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை.

பழைய_பொதி:
அது ஃபைண்ட்_பேக்கேஜுக்கு (வேறு நூலகத்தைத் தேடும் கட்டளை). கம்பைல் சோதனைக்கு நீங்களே இஃப் எழுதி, ஃபேட்டல்_எரர் (பில்டை நிறுத்தும் பிழை) போட வேண்டும். எழுதினீர்களா உங்கள் நூலகத்தில்? பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

சிமேக்_சித்தன்:
என் நூலகத்தில் சாண்ட்பாக்ஸே கிடையாது. இழையின் தலைப்பு எக்ஸ்இசட். எம்4 கிட்டில் இல்லை, டார்பாலில் மட்டும். இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பழைய_பொதி:
புள்ளி கிட்டில் இருந்தது. சிமேக்லிஸ்ட்ஸில் இருந்தது. இதைத்தான் நானும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மழைக்குருவி:
--ஹோஸ்ட் கொடுத்தேன், கன்ஃபிகர் ஓடியது. ஆனால் லிங்க் செய்யும்போது ஆர்ம் பலகைக்கானதை விட்டு, இந்தக் கணினியின் இசட்லிப்பை (சுருக்க நூலகம்) போய்ப் பிடிக்கிறது. அதை எங்கே மாற்றுவது?

சிமேக்_சித்தன்:
பாருங்கள், இதற்குத்தான் சிமேக் என்றேன்.