டாக்டர் இறந்த அன்று என்னால் மருந்து எழுத முடியவில்லை

டெக்சஸின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயைக் கண்டறிந்து சிகிச்சை தர மேற்படிப்பு படித்த நர்ஸாக, இருந்தேன். டெக்சஸில் நாங்கள் மருந்து எழுத, ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். என் ஒப்பந்த டாக்டர் 200 மைல் தள்ளி இருந்தார். மாதம் ஒருமுறை பேசுவோம், சில நோயாளிகளின் சார்ட்டுகளை (மருத்துவக் குறிப்புகளை) பார்ப்பார். நல்ல மனிதர். ஆனால் என் நோயாளி ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் தவறிவிட்டார் என்று போன் வந்தது. ஒப்பந்தத்தில் மாற்று டாக்டர் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தோம். அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் ஒரு பாட்டி. சர்க்கரை நோய், கால் விரலில் புண், சீழ் வைத்திருந்தது. 6 வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். என்ன ஆன்டிபயாட்டிக் என்று தெரியும், எழுதத்தான் முடியாது. 70 மைல் தள்ளியிருந்த அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

புது டாக்டர் கிடைக்க 11 நாள் ஆனது. கையெழுத்துக்கு மாதாமாதம் பணம் வேறு. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவிலோ 1993 முதலே இந்த ஒப்பந்தம் தேவையில்லை. படிப்பும் தேசியத் தேர்வும் ஒன்றுதான்!

அப்புறம்தான், இந்த ஒப்பந்த விதியை நீக்கும் மசோதாவுக்காகப் பேச, டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினுக்குப் போனேன். அங்கே சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள். சட்டமன்றக் குழு முன்னால் பேசக் கிடைத்தது சில நிமிடம். பாட்டியின் காலைப் பற்றி மட்டும் சொன்னேன். மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. கூட்டத்தொடருக்கு முந்தைய வருஷமே உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய்ப் பேசிவிடுங்கள். அவசரத்தில் யாரும் காது கொடுப்பதில்லை.

---

அக்கா, நானும் நர்ஸ் பிராக்டிஷனர்தான், நீங்கள் சொன்ன நியூ மெக்சிகோவில்தான் இருக்கிறேன். சொந்தமாகவே கிளினிக் நடத்துகிறேன். ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதி மத்திய அரசுடையது. மாநில எல்லையோடு மாறாது. நான் தனியாகப் பார்க்கும் நோயாளிக்கு அவர்கள் தருவது டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பச் சான்று தரும் உரிமையே 2020இல், கொரோனா நிவாரணச் சட்டத்தில்தான் வந்தது.

உங்கள் பாட்டி மாதிரி ஒருவர் என்னிடமும் வருகிறார். அவர் சர்க்கரையை நான் பார்க்கிறேன், இன்சுலின் அளவை நான் மாற்றுகிறேன். புண் வராமல் காக்கும் சிறப்புக் காலணிக்கு மட்டும் மெடிகேர் விதிப்படி டாக்டர் சான்று வேண்டும். அதற்காக அவர் இன்னொரு ஊருக்கு, முன்பின் தெரியாத டாக்டரிடம் போனார். காலணி வந்து சேர 3 மாதம் ஆனது.