4-7-8 மூச்சு முறை அமெரிக்கக் கண்டுபிடிப்பா?

மூலன்அடியவன்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: 4 எண்ணி மூச்சை இழுத்து, 7 எண்ணி அடக்கி, 8 எண்ணி விட்டால் மனப் பதற்றம் அடங்குமாம், அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வெயில் கண்டுபிடித்ததாம்! படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 16 மாத்திரை இழு, 64 அடக்கு, 32 விடு என்று திருமந்திரத்தில் திருமூலர் பாடிவிட்டார். தம் முறைக்கு மூலம் பிராணாயாமம் என்று வெயிலே சொல்கிறார். நம்மவர்களுக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

இரவுப்பணிச்செவிலி:
எழுதியவள் நான்தான் ஐயா. இரவுப் பணி முடித்துக் காலை எட்டரைக்குப் படுத்தும் நெஞ்சு படபடக்கிறவளுக்கு அந்த 4-7-8 உதவுகிறது. 64 விநாடி மூச்சை அடக்கினால் மயங்கித்தான் விழுவேன்.

மூலன்அடியவன்:
விநாடி என்று நான் எங்கே எழுதினேன்? மாத்திரை என்றேன். கண்ணிமைப்பும் கைந்நொடியும் மாத்திரை என்று பள்ளியில் படித்தது மறந்துவிட்டதா? 16, 64, 32. மீண்டும் படியுங்கள்.

குணா_பொறியாளர்:
நொடிப்புக்கு அரை விநாடி என்றே வைத்தாலும் 64 மாத்திரை 32 விநாடி ஆகிறது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இதைச் சொல்வீர்களா? வெயில் முறையில் விடும் நேரம் நீளம். திருமூலர் கணக்கில் அடக்கும் நேரம் நீளம். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

மூலன்அடியவன்:
வந்துவிட்டார் குணா. போன மாதம் நிலவேம்புக் குடிநீர் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள். மூச்சை அடக்கும் கும்பகம்தான் உயிர்நிலை. அதனால்தான் 64.

இரவுப்பணிச்செவிலி:
மூச்சை விடும்போது இதயத்துடிப்பு குறைவதை மானிட்டரில் தினமும் பார்க்கிறேன். அமைதி தருவது அந்த நீண்ட வெளிமூச்சுதான்.

பத்துநாள்மௌனம்:
எண்ணுவதே வீண். கோயங்காவின் விபாசனா தியான முகாமில் முதல் மூன்று நாளும் மூச்சை அதன் போக்கில் கவனிப்பது மட்டும்தான். இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்.

மூலன்அடியவன்:
கோயங்கா பர்மாவில் கற்றுவந்தது அது. இங்கே பேச்சு 64 பற்றி.

பத்துநாள்மௌனம்:
பர்மாவுக்கு அது எங்கிருந்து போனதாம்? புத்தர் எந்த நாட்டில் போதித்தார்?

குணா_பொறியாளர்:
மூச்சை விட்டுத்தள்ளுங்கள். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சனின் முறையும் நம்முடையதுதானா?

மூலன்அடியவன்:
பிணம்போல் அசையாமல் படுக்கும் சவாசனம் என்று ஒன்று இருப்பது உமக்குத் தெரியாதா?

இரவுப்பணிச்செவிலி:
சவாசனத்தில் எந்தத் தசையை இறுக்குகிறார்கள் ஐயா? தளர்த்துவது மட்டும்தானே? எதைச் சொன்னாலும் நம்முடையது என்கிறீர்கள். செய்து பார்த்தீர்களா என்றால் பதில் இல்லை.

மூலன்அடியவன்:
முப்பது ஆண்டுகளாக விடியலில் செய்கிறேன் அம்மா. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 64 என்றால் 64.

குணா_பொறியாளர்:
நீளமாக இருக்க வேண்டியது அடக்கும் நேரமா, விடும் நேரமா? மீண்டும் கேட்கிறேன்.

மூலன்அடியவன்:
நாளை திருமந்திர உரைநூலோடு வருகிறேன். அதற்குள் அந்தக் "கண்டுபிடித்தது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இரவுப்பணிச்செவிலி:
எடுக்கமாட்டேன்.