'கெட்' வினைச்சொல்லுக்குப் பயிற்சி வாக்கியங்கள் தேவை

வணக்கம். பேச்சு ஆங்கில வகுப்புக்கு 'கெட்' பற்றி ஒரு பாடத்தாள் தயாராகிறது. அடுத்து பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், பெயரடை வந்தால் மாறுதல் ('கெட் டயர்ட்'), இடம் வந்தால் போய்ச் சேர்தல். இதுவரை சிக்கல் இல்லை. 'கெட் டு ஹோம்' என்று 'டு' நுழைவதை மட்டும் திருத்தினால் போதும்.

அடுத்தவரைக் கொண்டு செய்விப்பதில்தான் தகராறு. 'மேட் ஹிம் கோ', 'காட் ஹிம் டு கோ' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்) இரண்டையும் தமிழில் 'போக வைத்தேன்' என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் இரண்டாவதில் 'டு' விழுந்துவிடுகிறது. முதலாவதில் வற்புறுத்தல், இரண்டாவதில் பேசிச் சம்மதிக்க வைத்தல் என்ற வேறுபாடும் மறைகிறது.

இன்னொன்று காது சம்பந்தப்பட்டது. 'ஐ காட் டு சீ ஹிம்' என்றால் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. 'ஐவ் காட் டு சீ ஹிம்' என்றால் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் ஒரு 'வ்' மட்டுமே. வேகமான பேச்சில் அதுவும் விழும், அப்போது சூழலை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

இந்த இரண்டுக்கும் சூழலோடு கூடிய குறு உரையாடல்கள், நான்கைந்து வரி போதும், வைத்திருப்பவர்கள் பகிருங்களேன். விளக்கக் குறிப்பு வேண்டாம், அது நிறைய இருக்கிறது.