சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே தெரியும் மங்கல் புள்ளி எது?

கேள்வி:
வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மே மாத நடுவில், நிலவில்லாத இரவில், பத்தரை மணியளவில் மொட்டை மாடியிலிருந்து 10×50 பைனாகுலரில் தென்வானத்தைப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு மங்கிய விண்மீனாகத் தோன்றிய ஒரு புள்ளி, பைனாகுலரில் பிரித்துவைத்த பஞ்சுபோல் உருண்டையாகப் படர்ந்திருந்தது. சுற்றியிருந்த விண்மீன்கள் ஊசிமுனையளவில்தான் தெரிந்தன. இது வால்நட்சத்திரமாக இருக்குமா?

மறுமொழி 1:
மற்ற விண்மீன்கள் கூர்மையாகத் தெரிந்ததாக நீங்கள் குறிப்பிட்டது நல்லது. கருவியில் குறையில்லை என்பது அதிலிருந்தே தெளிவாகிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். சித்திரையிலிருந்து மூன்றரை முஷ்டி நேர் கீழே அந்தப் புள்ளி இருந்திருந்தால், நீங்கள் கண்டது ஒமேகா சென்டாரி. அதுவும் சித்திரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலாக வடக்கிலிருந்து தெற்கே செல்லும் கற்பனைக் கோட்டைக் கடப்பதால், சித்திரை உச்சத்தில் நிற்கும்போது தேடுவதே எளிது. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கொத்து அது. பண்டைய வானியலாளர் தாலமி அதை விண்மீன் என்றே பட்டியலிட்டிருந்தார். 1677இல் தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் அது தனி விண்மீன் அன்று என்று குறித்தார்.

மறுமொழி 2:
வால்நட்சத்திரமா என்ற ஐயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. அருகிலுள்ள விண்மீன்களோடு அதன் இடத்தைத் தாளில் வரைந்துகொண்டு, இரண்டு மூன்று நாள் கழித்து ஒப்பிடுங்கள், வால்நட்சத்திரமானால் நகர்ந்திருக்கும். இப்படி ஏமாறாதிருக்கவே, பாரிஸிலிருந்து வால்நட்சத்திரங்களைத் தேடிய பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே, அவற்றைப் போலத் தோன்றும் மங்கலான பொருள்களின் பட்டியலைத் தொகுத்தார். ஆனால் இந்தக் கொத்து பாரிஸில் தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை என்பதால் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நமக்கோ அது 32 பாகை உயரத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முழங்கைகளை எதன் மீதாவது ஊன்றிக்கொண்டு, புள்ளியை நேராகப் பார்க்காமல் சற்று விலகிய இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். மங்கிய ஓரங்களும் புலப்படும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூன்று இரவுகள் கழித்துப் பார்த்தேன். வரைந்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கைகளை ஊன்றி, நீங்கள் சொன்னவாறு பார்வையை விலக்கியதும், நடுப்பகுதி பிரகாசமாகவும் ஓரம் கரைந்துபோவதாகவும் தெரிந்தது. வலப்புறம் தாழ்வாகத் தென்சிலுவையையும் அடையாளம் கண்டேன். இக்கொத்தைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்க்க எவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்?

மறுமொழி 1:
இருளான இடத்தில் 6 அங்குலத் தொலைநோக்கி போதும்.